இல்லமே ஏட்டகம்

ஒரு சமுதாயத்தின் அறிவுச் செல்வம் எங்கே தங்கியிருக்கிறது என்று வினவினால், மன்னர்களின் அரண்மனைகளிலும் மாநகரங்களின் பெருநூலகங்களிலும் என்றே பலரும் விடை பகர்வர். வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்கினால் வேறொன்று புலப்படும். அரசுகள் வீழ்ந்து நூலகங்கள் எரிந்த பின்னர் எஞ்சியவற்றுள் பல, எளிய குடும்பங்களின் மரப்பெட்டிகளிலிருந்தும் பரண்களிலிருந்தும் வெளிவந்தவையே. வீடுதான் மனிதனின் முதல் ஏட்டகம். பல வேளைகளில் அதுவே இறுதி ஏட்டகமும் ஆகும்.

அண்மையில் நம் சங்கரன்கோவிலில் மாணவர் ஒருவரின் தந்தை நம்மிடம் ஒரு வினா எழுப்பினார். அவருடைய மகன் பழைய கணினியொன்றைச் செப்பனிட்டு, வீட்டிலுள்ள ஒலிநாடாக்கள், நிழற்படங்கள், மார்க்கச் சொற்பொழிவுகள், திருமண வீடியோக்கள், நூல்களின் படிகள் ஆகிய அனைத்தையும் அதில் ஏற்றி, வீட்டார் எந்த அறையிலிருந்தும் கேட்கவும் காணவும் படிக்கவும் வழி செய்ய விரும்புகிறாராம். இளைஞர்கள் அதனை ‘மீடியா சர்வர்’ என்கின்றனர். “எல்லாம்தான் கைப்பேசியில் கிடைக்கிறதே ஹஜ்ரத், இதற்கென்று வீட்டில் ஒரு பெட்டி எதற்கு?” என்பது தந்தையாரின் வினா.

வினா சிறிது, விடையோ பதினான்கு நூற்றாண்டு நீளமுடையது. ஆதலின் அதனை ஈண்டு விரித்துரைக்க முற்படுகிறோம்.

அன்னை ஹஃப்ஸாவின் இல்லம்

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இவ்வுலகை விட்டு மறைந்த சின்னாட்களில், கி.பி. 632-633இல், யமாமா என்னுமிடத்தில் கடும்போர் மூண்டது. திருமறையை நெஞ்சில் ஏந்திய ஹாஃபிழ்கள் பலர் அப்போரில் ஷஹீதாயினர். மனிதர் மறைந்தால் அவர் நெஞ்சிலிருந்ததும் மறையுமே என்று உமர் (ரலி) அவர்கள் அஞ்சினார்கள். கலீஃபா அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களிடம் சென்று, குர்ஆனை ஒன்றுதிரட்டுமாறு வேண்டினார்கள். முதலில் தயங்கிய கலீஃபா அவர்கள் பின்னர் இசைந்து, அப்பெரும்பணியை ஜைத் இப்னு தாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பேரீச்ச மட்டைகளிலிருந்தும், தட்டையான கற்களிலிருந்தும், மனிதர்களின் நெஞ்சங்களிலிருந்தும் அவர்கள் அதனைத் திரட்டினார்கள்.

அவ்வாறு திரட்டப்பட்ட ஏடுகள் எங்கே வைக்கப்பட்டன? அபூபக்ர் (ரலி) அவர்களிடம் இருந்தன. அவர்களுக்குப் பின் உமர் (ரலி) அவர்களிடம் இருந்தன. அவர்களும் மறைந்த பின்னர், அவர்தம் திருமகளாரும் முஃமின்களின் அன்னையருள் ஒருவருமான ஹஃப்ஸா நாயகி (ரலி) அவர்களிடம் இருந்தன. ஸஹீஹுல் புகாரீயில் இவ்வரலாறு பதிவாகியுள்ளது. கோட்டையும் கொத்தளமும் காக்காத செல்வத்தை ஓர் அன்னையின் இல்லம் காத்தது.

வரலாறு அத்துடன் நிற்கவில்லை. உதுமான் (ரலி) அவர்களின் ஆட்சியில், அர்மீனியா, அஜர்பைஜான் போர்முனையிலிருந்து வந்த ஹுதைஃபா (ரலி) அவர்கள், மக்கள் ஓதுவதில் வேறுபடுவதைக் கண்டு கலங்கி முறையிட்டார்கள். அன்னையிடமிருந்த ஏடுகள் கேட்டுப் பெறப்பட்டன. ஜைத் (ரலி) அவர்களும் குறைஷியர் மூவரும் அவற்றிலிருந்து படிகள் எடுத்தனர். மூல ஏடுகள் அன்னையிடமே திருப்பி அளிக்கப்பட்டன. படிகள் பல திசைகளுக்கும் அனுப்பப்பட்டன.

இறைமறையைப் பாதுகாப்பதாக இறைவனே வாக்களித்துள்ளான். அதனோடு நம் வீட்டுப் பொருள்களை ஒப்பிடுவது நம் கருத்தன்று. ஆயினும் அப்பெருமக்களின் செயல்முறையில் நமக்குப் படிப்பினை இருக்கிறது. சிதறிக் கிடப்பதைத் திரட்டு. நம்பிக்கைக்குரிய இல்லத்தில் வை. படியெடுத்து வேறு ஊர்களுக்கும் அனுப்பு. இம்மூன்றுமே அம்முறையாம்.

எட்டுப் பாக்களே எஞ்சிய நூல்

இம்முறை தவறினால் நேர்வது யாது என்பதற்குத் தமிழ் முஸ்லிம்களாகிய நம் இலக்கியமே சான்று. நமக்குத் தெரிந்த தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களுள் காலத்தால் முற்பட்டது பல்சந்தமாலை என்பர் ஆய்வாளர். அந்நூலை முழுமையாகக் கண்டவர் இன்று எவருமிலர். பாடியவர் பெயரும் தெரியவில்லை. களவியற்காரிகை என்னும் அகப்பொருள் இலக்கண நூலின் உரையில், உரையாசிரியர் மேற்கோளாக எடுத்தாண்ட எட்டுப் பாக்கள் மட்டுமே நமக்குக் கிட்டியுள்ளன. நெல்லைச் சீமையிற் பிறந்த பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை அவர்கள் அவ்வுரையைப் பதிப்பித்திராவிடின், அந்த எட்டும் நம்மை எட்டியிரா. நூலைச் செய்தவர் நம்மவரைப் பாடினார். காத்தவரோ வேறொரு நூலுக்கு உரை எழுதியவர்! நம் வீடுகளில் ஒரு படியேனும் தங்கியிருந்தால் இந்நிலை நேர்ந்திருக்குமா?

மறுபுறம் சீறாப்புராணத்தை நோக்குக. நம் ஊருக்குக் கிழக்கே எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவர் பாடிய அப்பெருங்காப்பியம், நூறாண்டுக்கும் மேலாக ஓலைச்சுவடியாகவே வாழ்ந்தது. புலவர் நாயகம் என்று போற்றப்படும் ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் 1842இல் அதனை அச்சேற்றினார்கள். அச்சு வந்து சேரும் வரை அதனைச் சுமந்தவை, அதனைப் படியெடுத்தும் ஓதியும் வந்த இல்லங்களும் மஜ்லிஸுகளுமே.

அரபுத் தமிழ் நூல்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. காயல்பட்டினத்திற் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்து ‘மாப்பிள்ளை லெப்பை ஆலிம்’ என்று புகழ்பெற்ற சையிது முஹம்மது ஆலிம் (1816-1898) போன்ற பெரியோர், அரபு எழுத்தில் தமிழை எழுதிப் பெண்களும் சிறாரும் மார்க்கச் சட்டங்களைக் கற்க வழிவகுத்தனர். நம் பாட்டிமார் அவற்றை எளிதாகப் படித்தனர். நம் பேரப்பிள்ளைகள் படிக்க அறியார். படிக்க அறியாத வீட்டில் அந்நூல் பழைய காகிதமாகிறது. பழைய காகிதம் கறையானுக்கு உணவாகிறது. அந்நூலை இன்று நிழற்படமாக்கி வைத்தால், நாளை அவ்வெழுத்தைக் கற்கும் ஒருவன் படிப்பதற்காவது அது இருக்கும்.

ஒலிக்கும் ஏடு உண்டு

ஏடு என்றால் எழுத்து மட்டுமன்று, குரலும் ஏடேயாம். எகிப்து நாட்டறிஞர் லபீபுஸ் ஸயீத் அவர்கள் 1959இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். திருக்குர்ஆன் முழுவதையும் தேர்ந்த காரீகளின் குரலில் ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்பதே அது. ஷைகு மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரீ (1917-1980) அவர்களின் குரலில் அப்பதிவு நிறைவேறி 1961இல் வெளியாயிற்று. அதன் வரலாற்றைப் பின்னர் நூலாக எழுதியபோது, அவ்வறிஞர் அதற்கு ‘முதல் ஒலித்தொகுப்பு’ என்று பெயரிட்டார். அபூபக்ர் (ரலி) அவர்களின் காலத்து முதல் தொகுப்பை நினைவிற்கொண்டே அப்பெயரை அமைத்தார் என்பது வெளிப்படை.

அதற்கு ஈராண்டுகள் கழித்து, 1963இல், பிலிப்ஸ் நிறுவனம் சிறிய கேசட்டை அறிமுகம் செய்தது. அது வந்த பின்னர் ஒலிப்பதிவு ஏழையின் கைக்கும் எட்டியது. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற நம்மவர் எழுதத் தெரியாத தாய்க்கும், படிக்கத் தெரியாத மனைவிக்கும் கேசட்டில் பேசி அனுப்பினர். ஊருக்கு வரும் ஒருவரின் பெட்டியில் அது பயணம் செய்யும். வீடே சூழ்ந்திருந்து அதனைக் கேட்கும்.

நம் இல்லத்திலும் அத்தகைய கேசட்டுகள் இருந்தன. 1980களில் நம் தந்தையார் சவூதியிலிருந்து பேசி அனுப்பியவை ஐந்து. அவற்றின் அருமையை நாம் அறியவில்லை. இரண்டின்மேல் பாடல்களைப் பதிந்து அழித்தோம். ஒன்று நாடா அறுந்து போயிற்று. எஞ்சிய இரண்டையும் தந்தையார் மறைந்து பல்லாண்டு கழித்துப் பரணிலிருந்து எடுத்தபோது, ஒன்றில் பூஞ்சை படர்ந்திருந்தது. நம்மிடம் ஓதிய இளைஞர் ஒருவர் மற்றொன்றைத் துடைத்து ஓடவிட்டுக் கணினியில் ஏற்றித் தந்தார். ஒரு பக்கம் மட்டுமே ஒலிக்கிறது. அதில் தந்தையார், சின்னவன் யாஸீன் ஸூராவை மனனம் செய்து முடித்துவிட்டானா என்று உம்மாவிடம் வினவுகிறார்கள். அந்தச் சின்னவன் நாமே. விடை கூறுவதற்குள் நாடா முடிந்துவிடுகிறது. இழந்த நான்கிலும் என்ன இருந்தது என்பதை இனி எவரும் அறியார். பிழை எவர்மீதுமன்று, நம்முடையதே.

எரிந்தவையும் மீண்டவையும்

வீட்டிலன்றிப் பொது இடத்தில் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். பொது நூலகங்கள் இன்றியமையாதவையே, நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரே இடத்தில் ஒரே படி இருப்பது பாதுகாப்பன்று. 1981 மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலுமாக யாழ்ப்பாண நூலகம் தீக்கிரையானபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத சுவடிகளை மீட்க எந்த அரசாலும் இயலவில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவின் திம்புக்துவைப் பாருங்கள். அந்நகரத்து முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் அரபுக் கையெழுத்துப் படிகளை வீடுகளில் போற்றி வந்தன. 2012இல் ஆயுதக் குழுக்கள் நகரைக் கைப்பற்றியபோது, அப்துல் காதிர் ஹைதரா என்பவரும் அவர்தம் தோழர்களும் அவற்றைத் தகரப் பெட்டிகளில் அடைத்து, வண்டிகளிலும் நைஜர் ஆற்றுப் படகுகளிலும் தலைநகர் பமாக்கோவுக்குக் கொண்டு சேர்த்தனர். 2013 ஜனவரியில் அக்குழுவினர் ஓடும்போது அஹ்மது பாபா நிறுவனத்தில் தீயிட்டுச் சென்றனர். அங்கே ஏறத்தாழ நான்காயிரம் படிகள் அழிந்தன. வீடுகளிற் பரவியிருந்தவையோ பல்லாயிரக் கணக்கில் பிழைத்தன.

தமிழகத்திலும் ஒரு சான்று உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்பவர் தம் வீட்டிலேயே ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களைத் திரட்டினார். அவர் 1992இல் மறைந்தார். அத்தொகுப்பே 1994இல் சென்னையில் தோன்றிய ஆய்வு நூலகத்திற்கு அடித்தளமாயிற்று. ஒரு தனி மனிதர் வீட்டில் சேர்த்தது நாட்டின் உடைமையாயிற்று.

வாடகை அலமாரி

இனி இன்றைய வினாவுக்கு வருவோம். எல்லாம் கைப்பேசியில் கிடைக்கின்றன என்கிறோம். கிடைக்கின்றன; ஆனால் நம்முடையவையாக இல்லை. அவை தொலைதூரத்தில் யாரோ ஒருவருடைய கணினியில் இருக்கின்றன. அவர் கதவைத் திறந்து வைத்திருக்கும் வரை நாம் எட்டிப் பார்க்கிறோம், அவ்வளவே.

2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரு நூல்களை, விலை கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்துவிட்டது. விற்றவருக்கு உரிமையில்லை என்பது அது கூறிய காரணம். பணத்தைத் திருப்பித் தந்தது. கடைக்காரர் இரவில் வீடு புகுந்து, விற்ற புத்தகத்தை எடுத்துக்கொண்டு காசை மேசைமேல் வைத்துச் செல்வாரானால் நாம் அதனை ஏற்போமா? அவ்விரு நூல்களுள் ஒன்று, ஆவணங்களை அழித்து வரலாற்றையே மாற்றும் ஓர் அரசைப் பற்றியது என்பது வியப்புக்குரியது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. வாங்கியவர்களின் நூல்கள் அவ்வாண்டு ஜூலையோடு திறவாமற் போயின. அங்கும் பணம் திரும்பியது, நூல் திரும்பவில்லை. அதே ஆண்டில் மைஸ்பேஸ் தளம், 2003 முதல் 2015 வரை மக்கள் ஏற்றிய இசைப் பதிவுகளை இழந்துவிட்டதாக ஒப்புக்கொண்டது. அவை ஐந்து கோடிக்கும் மேல் என்பர். நம் நாட்டு இளைஞர் ஒருகாலத்தில் மொய்த்த ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது.

இவற்றில் எவரும் தீயிடவில்லை, படையெடுக்கவில்லை. கடையைக் கட்டினர், அவ்வளவே. வாடகை அலமாரியில் வைத்த பொருளின் கதி இதுவே.

பெட்டியின் பயன்

அவ்விளைஞர் அமைக்க விரும்பும் பெட்டி பெரிய வியப்பன்று. பழைய மேசைக் கணினியொன்று, அதனுள் போதிய அளவு ஹார்ட் டிஸ்க், வீட்டு வைஃபை ரூட்டருடன் ஓர் இணைப்பு, இவ்வளவே. புதிதாக வாங்க விரும்புவோர்க்கு, 2012இல் வெளிவரத் தொடங்கிய ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினிகளும் உண்டு. அதில் இயங்கும் ஜெல்லிஃபின் என்னும் மென்பொருள் விலையற்றது. எம்பி என்னும் மென்பொருளின் உரிமையாளர் அதன் மூலநிரலை மூடியபோது, தன்னார்வலர் சிலர் அதுவரை திறந்திருந்த நிரலைக் கொண்டு 2018 டிசம்பரில் இதனைத் தொடங்கினர். படியெடுத்தோரால் பிழைத்த நூலைப் போன்றதே இதுவும்.

கொள்ளளவையும் கணக்கிட்டுப் பாருங்கள். பேச்சைச் சாதாரணத் தரத்தில் எம்.பி.3 ஆக மாற்றினால் ஒரு மணி நேரத்திற்கு 58 மெகாபைட் அளவே ஆகும். ஒரு டெராபைட் டிஸ்கில் ஏறத்தாழ 17,000 மணி நேரம் அடங்கும். அதாவது அறுபது நிமிடக் கேசட்டுகள் 17,000! ஒரு தெருவின் குரல் முழுவதையும் ஒரு கைப்பெட்டியில் வைக்கலாம்.

பயன்கள் பல. வெளி இணையம் அறுந்தாலும் வீட்டிற்குள் அது இயங்கும். விளம்பரம் குறுக்கிடாது. சிறுவர் கேட்பதும் காண்பதும் பெற்றோர் தேர்ந்தெடுத்தவையாக இருக்கும். ஒருவர் கைப்பேசி தொலைந்தால் குடும்பத்தின் பத்தாண்டு நிழற்படங்களும் அதனுடன் தொலையா. இவை யாவற்றினும் மேலான பயன் ஒன்றுண்டு. நம் பெண்மக்கள் இருக்கும் திருமண வீடியோக்களும் இல்லத்துப் படங்களும் அந்நியருடைய கணினியில் உறங்க வேண்டியதில்லை. பிறர் வீட்டினுள் அனுமதியின்றி நுழையாதீர் என்று சூரத்துந் நூர் கற்பித்த சமுதாயம் நாம். வீட்டின் வாயிலுக்குத் திரையிட்டுவிட்டு, வீட்டின் படங்களை வீதியில் வைப்பது பொருந்துமா?

நிபந்தனைகள்

ஆயினும் பெட்டி வாங்கினால் கடமை முடிந்தது என்று எவரும் எண்ணற்க. நிபந்தனைகள் நான்கு கூறுவோம்.

முதலாவது, ஹார்ட் டிஸ்க் ஒரு பொறி. ஒருநாள் அது பழுதாகியே தீரும். ஆதலால் படிகள் மூன்று வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு ஊரில், மகள் வீட்டிலோ சகோதரர் வீட்டிலோ இருத்தல் வேண்டும். உதுமான் (ரலி) அவர்கள் படிகளைப் பல நகரங்களுக்கு அனுப்பியதை மறவற்க. இரண்டாவது, வக்ஃபுக்கு முத்தவல்லி இருப்பதுபோல இதற்கும் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். கடவுச்சொல் ஒருவரோடு மண்ணுக்குள் போகாதபடி மற்றொருவரும் அறிந்திருக்க வேண்டும். மூன்றாவது, பிறர் உழைப்பைத் திருடி இப்பெட்டியை நிரப்புதல் ஆகாது. விலை கொடுத்து வாங்கியதும் நமக்கு உரியதும் உரிமையாளர் மனமுவந்து வழங்கியதுமே அதில் இடம்பெறலாம்.

நான்காவது நிபந்தனையை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்க்கை உணர்த்துகிறது. இளமையில் ஜுர்ஜானில் கற்று, குறிப்பேடுகளுடன் தூஸ் நகருக்குத் திரும்புகையில் வழிப்பறிக்காரர் அவர்களின் பையைப் பறித்தனர். ஏடுகளை மட்டும் தருமாறும், அதில்தான் தம் கல்வி இருக்கிறதென்றும் இமாம் அவர்கள் கெஞ்சினார்கள். பையைப் பறித்தவுடன் போய்விடும் கல்வி என்ன கல்வி என்று நகைத்து, கள்வர் தலைவன் பையைத் திருப்பிக் கொடுத்தான். அதன் பின்னர் இமாம் அவர்கள் மூன்றாண்டுகள் முயன்று அக்குறிப்புகள் அனைத்தையும் நெஞ்சிற் பதித்தார்கள் என்று இமாம் சுப்கீ (ரஹ்) எழுதியுள்ளார்கள். பெட்டியில் இருப்பது கல்வியன்று, கல்விக்குரிய கருவி. வீட்டார் கூடியிருந்து கேளாத குரலும், பிள்ளைகள் திறவாத நூலும் பெட்டியிலிருந்தால் என்ன, பரணிலிருந்தால் என்ன?

தந்தையாரின் வினாவுக்கு நாம் கூறிய விடை இதுவே: “உங்கள் மகனைத் தடுக்காதீர்கள், முதலில் உங்கள் உம்மாவின் குரலைப் பதிந்து அதில் ஏற்றச் சொல்லுங்கள். பிற நூல்கள் வேறெங்கேனும் இருக்கும். அக்குரலுக்கு உலகில் வேறு படி இல்லை.” அவர் சற்று நேரம் வாய் பேசாதிருந்தார். அடுத்த ஜும்ஆவுக்கு வந்தபோது, தாயாருக்கு எண்பது வயது கடந்துவிட்டதென்றும், தாலாட்டுகளும் பைத்துகளும் பலவற்றை இன்னமும் தவறின்றி ஓதுகிறார்களென்றும், பேரன் நாள்தோறும் மக்ரிபுக்குப் பின் அவர்களருகே அமர்ந்து பதிகிறானென்றும் கூறினார்.

முன்னோர் நம்மிடம் விட்டுச் சென்றவை அமானிதங்கள். அவற்றைக் காத்து அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் நல்வாய்ப்பை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.